பரிசீலனையில் உள்ள வெளிச்சம்

பொட்டல்நல்லூரில் புகார்களெல்லாம் விளக்குகளாகத் தெருவில் வந்து நின்ற செவ்வாய்க்கிழமை காலையில் அவற்றை முதலில் பார்த்தவர்கள் பால் வாங்கப் போனவர்கள்தான். பார்த்துவிட்டு அவர்கள் பால் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள், எது வந்து அந்தரத்தில் நின்றாலும் காப்பிக்குப் பால் வேண்டுமல்லவா. ஒவ்வொரு விளக்கும் பூசணிக்காய் அளவு இருந்தது, குங்குமச் சிவப்பாக இருந்தது, கம்பியும் இல்லாமல் கயிறும் இல்லாமல் ஆள் மார்பு உயரத்தில் நின்றது, கையை நீட்டினால் கை அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது, ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி ஒரு சில்லிப்பு மட்டும் விரலில் ஒட்டியது. உடைந்த குழாயடியில் ஒன்று, குப்பை அள்ளாத சந்தில் ஒன்று, திறப்பு விழா நடந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கும் பெண்கள் கழிப்பறை வாசலில் ஒன்று, பேருந்து நிலையத்தில் கூரை பெயர்ந்து தொங்கும் இடத்தில் வரிசையாகப் பல, நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே நடுரோட்டில் ஒன்று.

இது என்ன வெளிச்சம், எங்கிருந்து வந்தது என்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் எல்லோரும் கைபேசியைத் திறந்து ஒத்துப்பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்: கீரைக்காரத் தெரு ஆவுடைச்செல்வி செய்து கொடுத்த 'ஊர்க்கண்' செயலியின் வரைபடத்தில் எங்கெங்கே ஜனங்கள் புகார் போட்டுச் சிவப்புப் புள்ளி வைத்தார்களோ, அங்கங்கே புள்ளி எழுந்து வந்து நிற்கிறது, அவ்வளவுதான். "இத்தன நாளும் போனுக்குள்ள இருந்துச்சு, இப்ப வெளிய வந்திருக்கு, அதுக்கும் காத்து வேணும்லா" என்று டீக்கடைத் தளவாய் சொன்ன விளக்கமே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆவுடை சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது, பீடி சுற்றி அலுத்துப்போயிருந்த அம்மா உலகம்மாள் "இன்னைக்கு அடுப்புப் பத்தவைக்க ஏலலய்யா" என்று சொன்னதற்காகப் பரோட்டா வாங்கப் போன அவளுடைய தம்பி பலவேசம், தெருமுனையில் மூடியில்லாமல் கிடந்த சாக்கடைக் குழி தண்ணீருக்கு அடியில் எந்த இடத்தில் இருக்கிறதென்று தெரியாமல் அதற்குள் போய்விட்டான். மறுநாள் ஊருக்கு வெளியே ஓடையில்தான் எடுத்தார்கள். சால்னா பொட்டலம் மட்டும் உடையாமல் வந்து தளவாய் கடைப் படியில் ஒதுங்கியிருந்தது. காரியம் முடிந்த பிறகும் ஆவுடை சென்னைக்குத் திரும்பவில்லை. குழிக்கு மூடி போடச் சொல்லி அவள் நகராட்சிக்கு எழுதினாள், 'மேற்படி இடத்தில் குழி எதுவும் இருப்பதாகப் பதிவில்லை' என்று பதில் வந்தது. பதிவில் இல்லாத குழிக்குள் பதிவில் இருந்த பிள்ளை எப்படிச் செத்தான் என்று கேட்டாள், அதற்குப் பதில் வரவில்லை. சரி, அவர்கள் வரைபடத்தில் இல்லாததையெல்லாம் நாமே ஒரு வரைபடத்தில் குறிப்போம், எல்லோரும் பார்க்கிற மாதிரி குறிப்போம், பார்த்த பிறகு எவன் இல்லை என்று சொல்லுவான் என்று வைராக்கியமாக உட்கார்ந்து அவள் செய்ததுதான் ஊர்க்கண்.

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, வெளிப்படையான நிர்வாகம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்த சமயம் அது. சேர்மன் ஐயாத்துரை பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஆவுடைக்குப் பொன்னாடை போர்த்தி, "என் மடியில கனம் இல்ல, அதனால வழியில பயமும் இல்ல" என்று பேசிச் செயலியைத் தொடங்கிவைத்தார். புகார் போட்டால் சிவப்புப் புள்ளி, வேலை முடிந்தால் பச்சைப் புள்ளி. முதல் சிவப்பை ஆவுடையே வைத்தாள். 'சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. என் தம்பி இதில் விழுந்து இறந்தான். இனி யாரும் விழ வேண்டாம். தயவுசெய்து மூடுங்கள்' என்று எழுதினாள். ஊரே மளமளவென்று அவள் பின்னால் வந்து வைத்தது. அலுவலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தினமும் எல்லாச் சிவப்பையும் பச்சையாக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள், வேலை என்று யாரும் எதையும் செய்யவில்லை. ஆவுடையின் குழியும் வரைபடத்தில் பச்சையாகத்தான் இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும். தெருவுக்கு வந்த விளக்குகளோ ஒன்றுகூடப் பச்சையில்லை. அலுவலகத்துப் பெண் விரல் தேயத் தேய அமுக்கிப்பார்த்தாள், சிவப்பு சிவப்பாகவே நின்றது.

அன்றைக்கு ஆவுடை அழுதாள். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான். தெருமுனையில் குழிக்கு நேர் மேலே நின்ற அந்த முதல் விளக்கைப் பார்த்து, இனி ஏமாற்ற முடியாது, இனி இவர்கள் மூடித்தான் ஆகவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் எண்ணியதில் தப்பில்லை. நகராட்சி நிஜமாகவே நடுங்கிப்போயிற்று. கமிஷனருக்குக் காய்ச்சல் வந்தது. எஞ்சினியர் தன் சொந்தக் காரில் வந்து இறங்கி, சேனையர் தெருக் குழாயடியில் தண்ணீரில் முட்டிபோட்டு நின்று பைப்பை மாற்றினார். குழாயில் நல்ல தண்ணீர் கொட்டிய நிமிஷத்தில் அங்கே நின்ற விளக்கு, ஊதிவிட்ட மாதிரி அணைந்தது.

அங்கேதான் விஷயம் பிசகியது. சேனையர் தெருப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒப்பாரி வைத்தார்கள். விளக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் அதற்கு மஞ்சள் பூசிய கல் நட்டு, எலுமிச்சை அறுத்து வைத்து, பிள்ளைகளைக் கூட்டிவந்து திருநீறு பூசிப் பழகியிருந்தார்கள். "தண்ணி எப்படியும் வந்துட்டுத்தான் இருந்துச்சு, கலங்கலா வந்தாலும் துணியில வடிகட்டிக் குடிச்சோம், இந்தக் கண்ணு போச்சே, எங்க தெருவுக்கு இருந்த ஒத்தக் கண்ணு போச்சே" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் யாரோ அம்மிக்குழவியால் அந்தக் குழாயை உடைத்துப் போட்டிருந்தார்கள். உடைத்தவர்களே புகாரும் போட்டார்கள். விளக்கு திரும்பி வந்தது, குலவை இட்டார்கள், சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், முதல் உருண்டையை எஞ்சினியருக்குக் கொடுத்தனுப்பினார்கள். கமிஷனருக்குக் காய்ச்சல் விட்டது.

அதன் பிறகு பொட்டல்நல்லூர் விளக்குகளோடு வாழக் கற்றுக்கொண்டது, ஒரு ஊர் எதையும் கற்றுக்கொள்ளுகிற வேகத்தைவிட வேகமாகக் கற்றுக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் "கழிப்பறை விளக்குலருந்து சோத்தாங்கைப் பக்கம், குப்ப விளக்குகிட்ட எறங்கிக்கிடுங்க" என்று வழி சொன்னார்கள்; பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பேருந்து நிலையத்துக் கூரைக்கு அடியில் சிமெண்டுக் காரை தலையில் உதிர உதிர உட்கார்ந்து படித்தார்கள்; பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் விளக்கு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் கொடுத்தார்கள்; மின்சாரம் மிச்சம் என்று நகராட்சி தெருவிளக்குகளை எல்லாம் அணைத்துப்போட்டது, அணைத்ததும் குறையில்லாத இரண்டொரு தெருக்கள் இருட்டில் கிடந்தன, இருட்டில் கிடந்தவர்கள் கடப்பாரை எடுத்து நல்ல ரோட்டைக் கொத்திக் குழியாக்கிப் புகார் போட்டு வெளிச்சம் வாங்கிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். இந்தியாவிலேயே குறையை மறைக்காத ஊர் என்று சேர்மனுக்கு டில்லியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் மறைக்கவில்லை என்பதில் பொய் ஒன்றும் இல்லைதானே.

எல்லா விளக்குகளுக்கும் மேலான விளக்கு கீரைக்காரத் தெரு முனையில் குழிக்கு மேலே நின்றதுதான். முதல் விளக்கு என்று அதற்குப் பெயர். குழியின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு அதற்கு மாலை போட்டார்கள். தளவாயின் டீக்கடை பலகாரக் கடையாகி, பலகாரக் கடை ஓட்டலானது. அவனுடைய மகள் தர்ஷினி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அந்தக் குழியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டுவாள், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாண்டுவாள், தாண்டும்போது தலை விளக்குக்குள் புகுந்து வரும், அந்தச் சில்லிப்புக்காகவே திரும்பத் திரும்பத் தாண்டுவாள். வந்தவர்கள் கைதட்டுவார்கள், ஐந்தோ பத்தோ கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆவுடை கத்தி அவளைக் கூப்பிடுவாள்.

ஆனால் ஆவுடையின் கஷ்டம் அந்தப் பிள்ளையோடு முடிகிற கஷ்டமில்லை. முதல் நாளிலிருந்தே உலகம்மாள் பீடிச் சுளகைத் தூக்கிக்கொண்டு அந்த விளக்கின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பலவேசம் போனதிலிருந்து வாய்திறந்து நாலு வார்த்தை பேசாதவள், வேளைக்கு ஒரு பிடி சோற்றோடு எழுந்துவிடுகிறவள், இப்போது இலை வெட்டிக்கொண்டும் தூள் அடைத்துக்கொண்டும் விளக்கோடு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினாள். "எய்யா, இன்னைக்கு சாளை மீனு வந்துச்சுய்யா, நல்ல நெய்யி" என்று சொல்லுவாள். "ஒங்க அக்காளுக்கு மாப்பிள்ள கேட்டு வந்தாவ, அவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கா, நீதான் சொல்லேன்" என்பாள். மகளிடம் ஒருநாள், "ஏட்டி, ஒசரம் பாத்தியா, எங்கிட்ட வந்து நின்னா அவன் நெஞ்சு இந்த ஒசரம்தாம்லா இருக்கும்" என்றாள்.

ஆவுடை ஒரு சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்து விளக்குக்குள் கைவிட்டாள். அந்தச் சில்லிப்பு அவளுக்குத் தெரிந்த சில்லிப்பு. ஓடைக்கரையில் மேலே போர்த்தியிருந்த வேட்டியை விலக்கித் தம்பியின் கையைப் பிடித்தபோது அந்தக் கை இப்படித்தான் இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அம்மா சொல்லுவது நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அன்றைக்குத்தான் அவளுக்கு முதலில் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் சேர்மனைப் போய்ப் பார்த்தாள். ஐயாத்துரை எழுந்து நின்று வரவேற்று, கேடயத்தைக் காட்டி, இளநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"குழிய மூடணும் ஐயா. அதுக்குத்தானே நான் இதச் செஞ்சேன்."

"மூடுனா வெளக்குப் போயிருமே தாயி."

"வெளக்கு போகட்டும். மழ வரப்போகுது. இன்னொரு பிள்ள விழுந்தா?"

"வெளக்கு இருக்கையில எப்படித் தாயி விழும்? குழி இருக்குன்னு இப்ப ஊருக்கே தெரியும். ஒங்க தம்பி காலத்துல தெரியாது. தெரியவச்சது நீங்கதானே?" என்று அவர் கைகூப்பினார். அதில் கிண்டல் இருந்ததா என்று ஆவுடை பார்த்தாள். ஒரு துளி இல்லை. "நான் முடிவெடுக்க மாட்டேன். இது ஜனங்க ஊரு. பகுதி சபையைக் கூட்டுவோம், ஜனங்க சொல்லட்டும், நீங்க செஞ்ச ஆப்புலயே ஓட்டுப் போடட்டும்."

பொட்டல்நல்லூர் வரலாற்றில் பகுதி சபைக்கு அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. பொதுவாக நாலு கிழவர்களும் கையெழுத்து வாங்குகிற குமாஸ்தாவும் உட்கார்ந்து எழுந்துபோகிற கூட்டத்துக்கு, பிள்ளை பெற்று பத்து நாளான பெண்கூட ஆட்டோவில் வந்தாள். ஆவுடை ஒரு காலத்தில் கனவு கண்டதெல்லாம் அன்றைக்கு அங்கே நடந்தது: ஜனங்கள் கேள்வி கேட்டார்கள், அதிகாரிகள் எழுந்து நின்று பதில் சொன்னார்கள், வரவு செலவு முழுவதும் சுவரில் பெரிதாகத் தெரிந்தது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. குழியை மூடலாமா வேண்டாமா என்று கைபேசியில் ஓட்டுப் போட்டார்கள். செயலி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, கள்ள ஓட்டு ஒன்று விழவில்லை. ஆவுடையின் ஓட்டைத் தவிர அத்தனையும் வேண்டாம் என்று விழுந்தது. வேண்டாம் என்று விழுந்ததில் ஒன்று உலகம்மாள் போட்டது. எங்கே அமுக்க வேண்டும் என்று அவளுக்கு விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்ததும் ஆவுடைதான்.

"ஊரோட ஒத்துப் போங்க தங்கச்சி," என்று திரும்பி வரும் வழியில் தளவாய் சொன்னான். கெட்ட மனுஷன் இல்லை. பலவேசத்தைத் தேடி அந்த மழையில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கியவன் அவன்தான். "நம்மூருக்குன்னு ஒண்ணு வாச்சிருக்கு. வாச்சத ஏன் அழிக்கணுங்கிய?"

"ஒங்க மக தாண்டுதாளே அண்ணே, ஒருநா கால் வழுக்குனா?"

"அவளா? அவ ஆட்டுக்குட்டில்லா," என்று தளவாய் பெருமையாகச் சிரித்தான்.

ஆவணியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவன் விளக்கோடு சேர்ந்து போட்டோ எடுக்கப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து குழிக்குள் விழுந்தான். தோள்பட்டை இறங்கியதோடு தப்பினான். இப்போதாவது ஊருக்கு உறைக்கும் என்று ஆவுடை ஓடினாள். ஊர் அவனைத் தூக்கி உட்காரவைத்து, சோடா கொடுத்து, முதல் விளக்குதான் உன்னைக் காப்பாற்றியது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் வலியில் அழுதுகொண்டே விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் குடும்பத்தோடு வந்து வெள்ளியில் ஒரு தோளும் கையும் செய்து காணிக்கை வைத்தான்.

அதற்கு மேல் ஆவுடை யாரிடமும் கேட்கவில்லை. அம்மன் கோவில் தேரோட்டத்தன்று மத்தியானம், ஊர் முழுக்க வடம் பிடிக்க ரதவீதிக்குப் போயிருந்த நேரத்தில், தாய்மாமன் மகன் மாசானத்தைக் கூப்பிட்டாள். மாசானம் கொத்தனார். ஒரு வாரமாக யாருக்கும் சொல்லாமல் கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, ஈரச்சாக்கு போர்த்தி ஆறவைத்திருந்த கனத்த சிலாப்பை நான்கு ஆளோடு தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். கடப்பாரை வைத்து நெம்பி இறக்கினார்கள். சிலாப்பு குழியின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாசானம் ஓரத்தில் கலவை பூசி முடிக்கும்வரை விளக்கு நின்றது, பிறகு அணைந்தது. அணையும்போது சத்தம் ஒன்றும் இல்லை. தூரத்தில் நாதஸ்வரமும், "அம்மா தாயே" என்ற கூச்சலும் கேட்டன. ஆவுடை சிலாப்பின் மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்தாள், அசையவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அன்றைக்குத்தான் மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது.

தேர் நிலைக்கு வந்து ஜனங்கள் திரும்பினார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பிணம் கிடக்கிற வீட்டுக்குள் வருகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வந்து சிலாப்பைப் பார்த்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தளவாய் அடுப்பை அணைத்தான். உலகம்மாள் வந்தாள். தேரில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலத்தைச் சிலாப்பின் மேல் வைத்தாள், நிமிர்ந்து, ஒன்றும் இல்லாத இடத்தை அந்த மார்பு உயரத்தில் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"எம்பிள்ளைய ரெண்டாந்தடவையும் மூடிட்டியளா," என்று மட்டும் சொன்னாள்.

அதோடு அவள் பேச்சு நின்றது. சுளகைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறக்கவில்லை. ஆவுடை காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, அவன் இல்லம்மா, அது வெறும் புள்ளிம்மா, நான்தான் வச்சேன், நான் சொல்லுதேம்லா" என்று கதறினாள். உலகம்மாள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள், அவ்வளவுதான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. டாக்டர் வந்து குளுகோஸ் ஏற்றினார். ஏற்றிவிட்டு, மருந்து என்னிடம் இல்லையம்மா என்று ஆவுடையைப் பார்த்துச் சொல்லிப் போனார்.

ஒரு விடியற்காலையில் தெருமுனையில் சம்மட்டிச் சத்தம் கேட்டு ஆவுடை ஓடிப்போய்ப் பார்த்தாள். சிலாப்பை உடைத்துக்கொண்டிருந்தது மாசானம். வேர்வையும் கண்ணீருமாக நின்றான்.

"நான் போட்டது நானே ஒடைக்கேன். அத்த போயிட்டா அந்தப் பாவத்த எங்க கொண்டு கழுவ? மன்னிச்சிரு பிள்ள."

அவள் அவன் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. பிடித்திருக்கலாம். பாதி உடைந்த சிலாப்பின் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

குழி திறந்ததும் தளவாய் அவசர அவசரமாகக் கைபேசியை எடுத்துப் புகார் போட்டான். விளக்கு வந்தது. ஊரே திரண்டு உலகம்மாளை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து காட்டியது. அவள் ஒரு தடவை பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "இது யாரோ. அவன் இல்ல" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். தளவாய் புகாரைத் திரும்ப எடுத்தான், விளக்கு போயிற்று. மாசானம் போட்டுப்பார்த்தான், சேர்மனே வந்து தன் கையால் போட்டுப்பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே மாதிரி தலையைத் திருப்பினாள். கடைசியில் எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள். தெரு முழுக்க அத்தனை கண்கள், ஒன்றிலும் கோபம் இல்லை, எல்லாம் கெஞ்சுகிற கண்கள்.

கருக்கல் நேரம். மேற்கே மழை கட்டியிருந்தது. ஆவுடை கைபேசியைத் திறந்தாள். குழியைப் படம் எடுத்தாள். என்ன குறை என்று செயலி கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் அவள்தான். வேறு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் அன்றைக்கு எழுதியதையே எழுத்துப் பிசகாமல் எழுதினாள்: சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. என் தம்பி இதில் விழுந்து இறந்தான். இனி யாரும் விழ வேண்டாம். தயவுசெய்து மூடுங்கள். எழுதிவிட்டு, மூடிவிடாதே மூடிவிடாதே என்று மனசுக்குள் யாரையோ வேண்டிக்கொண்டு அனுப்பினாள். இப்படி வேண்டிக்கொண்டது தான்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. தளவாய் அதை உரக்கப் படித்தான். பெண்கள் குலவை இட்டார்கள்.

விளக்கு வந்து நின்றது. உலகம்மாள் நாற்காலியிலிருந்து தானாக எழுந்தாள், விளக்குக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

"வந்துட்டியாய்யா? இந்தத் தண்ணிக்குள்ள எங்க போய்ட்டு வாரே? சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, மகளிடம் திரும்பி, "ஏட்டி, பசிக்கி, கொஞ்சம் சோறு கொண்டா" என்றாள். ஊர் சிரித்தது, அழுதது, தளவாய் அடுப்பைப் பற்றவைத்தான். ஆவுடை ஓடிப்போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்தபோது அவளுக்கு வந்ததும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஜனங்கள் ஓட்டல் கூரைக்குள் ஒதுங்கினார்கள், தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கி, குழியின் ஓரம் எது தெரு எது என்று தெரியாதபடி சிவப்பாக மினுங்கியது. தர்ஷினி மட்டும் மழையில் நனைந்துகொண்டு, இத்தனை நாள் தாண்டக் கிடைக்காத ஆசையில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து தாண்டினாள். ஆவுடை கத்திக்கொண்டே கையை நீட்டினாள். அதற்குள் பிள்ளை அந்தப் பக்கம் போய் விழாமல் நின்று, தலையைச் சிலுப்பி, கைதட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ, அத்த, பாருங்க," என்று சொல்லிவிட்டு, ஓடிவருவதற்காகப் பின்னால் நகர்ந்தாள்.